அம்மாவை எழுந்து நடக்க விடுங்கள்

அன்புள்ள ஐயா,
நடக்காமலேயே நடந்த பலனைத் தரும் 'கார்டரின்' என்ற மாத்திரை இணையத்தில் கிடைக்கிறது. எனக்கு 54 வயது. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வாங்கிச் சாப்பிடலாமா? காய்ச்சலில் விழுந்து எழுந்த அம்மாவை (79) மூன்று வாரமாகக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் பார்த்துக்கொள்கிறோம். அவருக்கும் கொடுக்கலாமா?
எஸ்.

அன்புள்ள எஸ்.,

மாத்திரை வேண்டாம், இருவருக்கும். விலங்குகளுக்குப் புற்றுநோய் வந்ததால் கைவிடப்பட்ட மருந்து அது. 2008இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வகத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழுவினர் கொடுத்துப் பார்த்தபோது, ஓட்டப் பயிற்சி பெற்ற சுண்டெலிகளுக்குத்தான் அது கைகொடுத்தது; சும்மா கிடந்தவற்றுக்கு ஓட்டம் கூடவில்லை. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. மூச்சு வாங்குவதற்கு முதலில் இதய மருத்துவரைப் பாருங்கள்.

என்னைச் சுட்டது அம்மாவைப் பற்றிய வரி. இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை முடிந்து வந்த என் அப்பாவையும் வீட்டில் இப்படித்தான் "பார்த்துக்கொண்டார்கள்". அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலால் செருப்பைத் துழாவுவார். எழுந்துவிடுவார் என்று பயந்து யாராவது அதை எடுத்து மறைத்துவிடுவார்கள். ஒரு மாதத்தில் அவருடைய கெண்டைக்கால் என் கைப்பிடிக்குள் அடங்கிற்று.

தசை வேலை செய்யும்போது அதன் எரிபொருளான ஏடிபி செலவாகிறது. கையிருப்பு குறைவதை ஏஎம்பிகே என்ற புரதம் உணர்கிறது. பிஜிசி-1 ஆல்பா என்ற இன்னொரு புரதத்தை முடுக்கிவிடுகிறது. அது செல்லின் உட்கருவில் மரபணுக்களை இயக்க, ஏடிபியைத் தயாரிக்கும் நுண் உறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் புதிதாக உருவாகின்றன. தசைக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் இத்தனையும் நடக்கும். படுத்திருக்கும் தசைக்கு ஏது தட்டுப்பாடு?

1966இல் டல்லஸில் 20 வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்க வைத்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கு மேல் சரிந்தது. இதயமும் தளர்ந்தது. 30 ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தார்கள்: அந்த மூன்று வாரம் பறித்த அளவுக்கு முப்பது வருட முதுமை பறிக்கவில்லை! அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான பெங்ட் சால்டின், 1976இல் சிலரை ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிக்க வைத்தார். மைட்டோகாண்ட்ரியா நொதிகள் மிதித்த காலில் மட்டுமே கூடின. ஒரே ரத்தம்தான் இரு கால்களிலும் ஓடுகிறது, எஸ். உழைக்காத காலுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை.

இருபது வயதுப் பிள்ளைகளுக்கே அந்தக் கதி. 79 வயதுக்காரரை அதே மூன்று வாரம் கிடத்திவிட்டு அதைப் பாசம் என்கிறீர்களே, என்ன பாசம் இது? நீங்கள் கெட்ட மகன் இல்லை. அம்மா விழுந்துவிடுவாரோ என்று இரவெல்லாம் விழித்திருப்பவர் என்பது எழுத்திலேயே தெரிகிறது. அந்தப் பயத்தை அவர் கால்கள்மேல் சுமத்தாதீர்கள்.

இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சரி என்றால் முதலில் உட்கார வையுங்கள், பிறகு உங்கள் தோளைப் பிடித்து நிற்கட்டும், நாளை கழிவறைவரை தானே நடந்து போகட்டும். அங்கே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்திவிடுங்கள்.