இழுத்தால் ஏறும் மின்தடை, சூடேற்றினால் இறங்குவது ஏன்?

கேள்வி: கல்லூரிச் செயல்திட்டத்துக்காக 0.15 மி.மீ. விட்டமுள்ள நிட்டினால் (நிக்கல்-டைட்டானியம் கலப்புலோகம்) கம்பியில் 25 செ.மீ. துண்டு ஒன்றின் மின்தடையை அளந்தோம். முதலில் 13.7 ஓம் இருந்தது, 1 செ.மீ. இழுத்ததும் 15 ஓமைத் தொட்டது. கையை எடுத்த பிறகும் அநேகமாக அங்கேயே நின்றது. மின்னோட்டம் செலுத்திச் சூடாக்கியபோது கம்பி சுருங்கியது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்துப் பார்த்தால் மின்தடையும் குறைந்திருந்தது. சூடேறினால் உலோகத்தின் மின்தடை கூடும் என்றல்லவா படித்தோம்?
- பொறியியல் மாணவர் ஒருவர்

பதில்: நீங்கள் படித்ததும் சரி, அளந்ததும் சரி. கம்பியை இழுக்கும்போது அதன் கன அளவு ஏறக்குறைய மாறாததால், நீளம் 4 சதவீதம் கூடினால் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட அதே அளவு குறைகிறது. இவ்விரண்டும் சேர்ந்து மின்தடையைச் சுமார் 8 சதவீதம் உயர்த்துகின்றன. செம்புக் கம்பியாக இருந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். 13.7 ஓம் இந்தக் கணக்கின்படி 14.8 ஆகியிருக்க வேண்டும். உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த 0.2 ஓம் சிறியதுதான் என்றாலும், சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது.

நிக்கலும் டைட்டானியமும் கிட்டத்தட்ட சரிபாதி அணுக்களாகக் கலந்த இந்த உலோகம், குளிர்ந்த நிலையில் மார்ட்டென்சைட் என்னும் அணு அடுக்கமைப்பில் இருக்கிறது. அதில் பல திசைகளில் மாறிமாறிச் சாய்ந்திருக்கும் நுண்ணிய அடுக்குகள், இழுவிசைக்கு இசைந்து ஒரே பக்கமாகச் சாய்வதால்தான் கம்பி நீள்கிறது. நாம் விட்டாலும் அவை திரும்புவதில்லை. இந்தச் சாய்வினால் உலோகத்தின் தன்தடையே (நீளம், தடிமனைச் சாராமல் பொருளுக்கே உரிய மின்தடை அளவு) சற்று மாறிவிடுகிறது. சூடாக்கினால் அடுக்கமைப்பு ஆஸ்டினைட் என்னும் சூடான நிலை அமைப்பாக மாற, கம்பி குட்டையாகித் தடிக்கிறது. இழுபட்ட மார்ட்டென்சைட்டைவிட ஆஸ்டினைட்டின் தன்தடை குறைவு என்பதால் இரண்டு மாற்றங்களும் மின்தடையை ஒரே திசையில் இறக்குகின்றன. வெப்பத்தால் மின்தடை கூடும் என்ற விதி அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அடுக்கமைப்பு முழுவதும் மாறி முடிந்த பிறகு மேலும் சூடாக்கிப் பாருங்கள், மின்தடை மெல்ல ஏறத் தொடங்கும்.

தனி உணரி வைக்காமல் மின்தடையைக் கொண்டே கம்பியின் நீளத்தை அறியும் முறை இதை நம்பித்தான் இயங்குகிறது. ஆனால் நீங்கள் தேடும் மாற்றம் ஓர் ஓம் அளவே என்பதால், மீட்டர் வயர்களின் தடையும் தளர்ந்த இணைப்பின் தடையும் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். நிட்டினாலில் ஈயப்பற்று எளிதில் ஒட்டாது. முனைகளைச் சிறு பித்தளைக் குழாயில் நசுக்கிப் பிடித்து, நான்கு வயர் முறையில் (இரண்டு வயரில் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது) அளவிடுங்கள். சூடேறும்போது ஒரு நீளத்துக்குக் கிடைக்கும் மின்தடை, குளிரும்போது அதே நீளத்துக்குக் கிடைக்காது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனி வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.