பழைய ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வாங்கும்போது ஃப்ரேம் சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் பார்த்து வைத்திருப்பது 2016 மாடல், 34 அடி, மூன்று ஸ்லைடு-அவுட் (நிறுத்தியதும் வெளியே நீளும் அறைப்பகுதி) உள்ள ஃபிஃப்த் வீல், அதாவது பிக்கப் ட்ரக்கின் தொட்டியில் மாட்டி இழுக்கும் நடமாடும் வீடு. விற்பவர் டீலர் இல்லை, தனி ஆள். உள்ளே எல்லாம் பளபளவென்று இருக்கிறது, விலையும் படிகிறது. ஆனால் ஃப்ரேம் உடைந்த கதைகளைப் படித்ததிலிருந்து உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, போதாக்குறைக்கு அவர் "ட்ரக்கை விற்றுவிட்டேன், மாட்டி இழுத்துக் காட்ட முடியாது" என்கிறார். இதுதானே கேள்வி? அந்தக் கடைசி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் வெல்டிங் இன்ஸ்பெக்டர். திருச்சி பக்கம் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் ஆரம்பித்து, இப்போது ஹூஸ்டனில் அதே வேலை. விரிசல் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்ட நான் 2019-ல் ஒரு ஃபிஃப்த் வீல் வாங்கி நன்றாக ஏமாந்தேன். டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து ஒரு மணி நேரம் ஒவ்வொரு வெல்டாகப் பார்த்தேன், எல்லாம் சுத்தம். அதே நேரத்தில் மேலே படுக்கையறையில் நின்றுகொண்டிருந்த என் மனைவி, "இந்தக் கதவு நிலையில் உரசுது, சாத்தவே முடியலை" என்றாள். விற்றவர் ஈரக்காற்றால் மரம் உப்பியிருக்கும் என்றார். நானும் தலையாட்டினேன். மூன்றாவது பயணம், டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போய்த் திரும்பும் வழியில், முன்பக்க மூடிக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே விரல் நுனி போகும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. ஷாப்பில் பக்கச் சுவரை உரித்துப் பார்த்தால், உள்ளே நிற்கும் இரண்டு தூண்கள் அடி வெல்டில் விட்டிருக்கின்றன. 7,400 டாலர், ஐந்து வாரம். இன்ஷூரன்ஸ்காரர்கள் அது தேய்மானம், விபத்து அல்ல என்று கையை விரித்துவிட்டார்கள். "கதவு உரசும்போதே சொன்னேனே" என்பது எங்கள் வீட்டில் இன்றுவரை ஓடுகிற வசனம்.

அதனால் நான் சொல்ல வருவது ஒன்றுதான். விரிசலைத் தேடாதீர்கள், அசைவைத் தேடுங்கள். மோசமான விரிசல்கள் பெரும்பாலும் சுவருக்குள் இருக்கின்றன, உங்கள் கண்ணுக்கு வராது. ஆனால் அந்த விரிசலால் அசையும் கதவு, மூலை, இடுக்கை அடைக்கும் சீலன்ட் எல்லாம் கண்ணுக்கு வரும்.

ஏன் சுவருக்குள் என்றால், இந்த வண்டியின் அமைப்பு அப்படி. சாதாரண ட்ரெய்லரை ட்ரக்கின் பம்பருக்குப் பின்னால் மாட்டுகிறோம். ஃபிஃப்த் வீலில் வண்டியின் முன்பகுதி ட்ரக் தொட்டியின் மேலே நீட்டிக்கொண்டு வந்து, கிங்பின் என்கிற 2 இன்ச் கனமுள்ள உருளையால் தொட்டியில் உள்ள ஹிட்ச் என்கிற பிடிப்பில் உட்காருகிறது. மொத்த எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அந்தக் கிங்பின் மேல் விழும். 14,000 பவுண்டு வண்டி என்றால் 2,800 பவுண்டு. படுக்கையறை, அலமாரி எல்லாம் இருப்பது அந்த நீட்டலில்தான். ட்ரக்கில் மாட்டியிருக்கும்போது ட்ரக் அந்த நீட்டலை மேலே தள்ளுகிறது. கழற்றி முன்கால்களில் நிற்க வைத்தால் அதே நீட்டல், நம் ஊர் சன்ஷேடு போலப் பிடிமானம் இல்லாமல் கீழே தொங்குகிறது. ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் விசை ஏறி ஏறி இறங்குகிறது. கட்டுக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து உடைப்போமே, அதேதான். இந்த நீட்டலைக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் ஐ-பீமோடு ('I' வடிவ இரும்பு உத்திரம்) இணைப்பவை சுவருக்குள் நிற்கும் மெல்லிய சதுரக் குழாய்த் தூண்கள். அவற்றின் அடி வெல்ட்தான் முதலில் விடும் இடம்.

சரி, எப்படிப் பார்ப்பது? நம் ஊர்க் கொத்தனார் சுவர் விரிசலுக்குக் குறுக்கே காகிதம் ஒட்டி, அது கிழிகிறதா என்று பார்ப்பாரே, அதே வித்தை. வண்டி முன்கால்களில் நிற்கும்போது முன்மூடியும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில், இரண்டு பக்கமும், மேலே ஒன்று கீழே ஒன்றாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சேர்க்கைக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டுவிட்டு, டேப்பைச் சேர்க்கையில் பிளேடால் வெட்டிவிடுங்கள். ட்ரக்கை மாட்டி முன்கால்களைத் தூக்கச் சொல்லுங்கள். எடை கால்களிலிருந்து கிங்பின்னுக்கு மாறும் அந்த அரை நிமிடம் கண்ணை அங்கேயே வையுங்கள். அப்புறம் திரும்பக் கால்களை இறக்கச் சொல்லுங்கள். கோட்டின் இரண்டு பாதியும் ஒன்றை விட்டு ஒன்று எவ்வளவு நகர்கின்றன? கொஞ்சம் வளையாத வண்டியே கிடையாது, பென்சில் கோட்டின் தடிமன் அளவுக்கு நகர்ந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். ஒரு நூல் நகர்ந்தால் யோசிப்பேன். இரண்டு நூல், அதாவது கால் இன்ச் நகர்ந்தால், விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

அதோடு இன்னொன்று. ட்ரக்கில் உள்ள கன்ட்ரோலரால் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, ட்ரக்கை மெல்ல முன்னால் ஒரு இழு, பின்னால் ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில், தள்ளி நின்று, கிங்பின்னைத் தாங்கும் இரும்புப் பெட்டியான பின் பாக்ஸையும் அதற்கு மேலுள்ள பகுதியையும் பாருங்கள். வண்டி முழுவதும் ஒரே உடம்பாக ஆட வேண்டும். பின் பாக்ஸ் தனியாகவும் வீடு தனியாகவும் ஆடினால் உள்ளே ஏதோ விட்டிருக்கலாம். பின் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் நைசான தூள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல பேர் அதைச் சாதாரணத் துரு என்று விட்டுவிடுவார்கள். இரண்டு இரும்பு ஒன்றோடொன்று உரசினால் வரும் தூள் அது. அங்கே ஏதோ தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

உள்ளே போனால் நேராகப் படுக்கையறைக்குப் போங்கள். சோஃபா, டிவி எல்லாம் அப்புறம். ஒவ்வொரு கதவையும் வண்டி காலில் நிற்கும்போது ஒரு தடவை, மாட்டிய பிறகு ஒரு தடவை சாத்திப் பாருங்கள். ஒரு தடவை உரசி இன்னொரு தடவை சரியாகச் சாத்தினால் கதவின் நிலைச்சட்டம் கோணி கோணித் திரும்புகிறது. ஈரக்காற்றுக்கு ட்ரக் மாட்டியிருப்பதும் மாட்டாததும் தெரியாது (இதை அன்று யோசித்திருந்தால் 7,400 டாலர் மிச்சம்). முன் அலமாரிக்குள் தலையை விட்டு மூலைகளைப் பாருங்கள், பட்டி விலகியிருக்கிறதா, ஸ்டேப்பிள்கள் துருத்துகின்றனவா, ஆணி ஓட்டைகள் நீண்டிருக்கின்றனவா என்று. கட்டிலுக்கு முன்னால் தரையை மிதித்துப் பாருங்கள். சேர்க்கை திறந்தால் தண்ணீர் இறங்கும், பலகை பொதபொதவென்று ஆகிவிடும்.

வெளிச் சுவரை உச்சி வெயிலில் பார்க்காதீர்கள், எல்லாம் சமமாகத்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும்போது சுவரோடு கன்னத்தை வைத்துக்கொண்டு நீளவாக்கில் பாருங்கள், அல்லது இருட்டிய பிறகு டார்ச்சைச் சுவரை ஒட்டி அடியுங்கள். நீட்டல் ஆரம்பிக்கும் அந்தப் படிக்கட்டு போன்ற மூலைக்கு மேலே உப்பல், சுருக்கம் இருந்தால் அது பெரிய தடயம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் மெல்லிய வெடிப்பும் அப்படித்தான். மற்ற இடமெல்லாம் பழைய சீலன்டாக மஞ்சள் பூத்துக் கிடக்க, முன் சேர்க்கையில் மட்டும் வெள்ளை வெளேரென்று புதுசு இருந்தால், ஏன் என்று கேளுங்கள். பதிலைவிட அவர் முகத்தைப் பாருங்கள்.

இப்போது அடியில். இங்கே முதல் தொல்லை, பெரும்பாலான வண்டிகளில் அடிப்பாகம் முழுவதும் ஒரு நெளிப் பிளாஸ்டிக் தகடால் மூடியிருக்கும், ஃப்ரேம் தெரியவே தெரியாது. ஓரத்து ஸ்க்ரூக்களைக் கழற்றி ஒரு பகுதியை இறக்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். முன்கால்களை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், சக்கரத்துக்குக் கட்டை, ஃப்ரேமுக்கு ஜாக் ஸ்டாண்டு, அதற்கப்புறம்தான் உங்கள் தலை. லீஃப் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஹேங்கர்கள் ஐ-பீமின் அடிப்பட்டையில் வெல்ட் செய்யப்பட்டிருக்கும். இரட்டை, மூன்று ஆக்ஸில் வண்டியைக் குறுகலாகத் திருப்பும்போது டயர்கள் தரையில் பக்கவாட்டில் இழுபடுகின்றன, அந்தப் பலம் முழுவதும் ஹேங்கரில்தான் போய் விழுகிறது. ஹேங்கர் சாய்ந்திருக்கிறதா, அது ஒட்டியிருக்கும் பட்டை அலை போல வளைந்திருக்கிறதா, வெல்டின் ஓரத்தோடு தலைமுடி போல ஒரு துருக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். சந்தேகமான இடத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் சாதாரணத் துரு போய்விடும், விரிசல் கோடு போகாது. நான் டை பெனட்ரன்ட் டப்பாக்களைக் கையோடு எடுத்துப் போவேன். முதலில் க்ளீனர், பிறகு சிவப்புச் சாயம், கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து வெள்ளை டெவலப்பர் அடித்தால் விரிசல் ரத்தம் கசிவது போலக் காட்டிக்கொடுக்கும். வெல்டிங் சப்ளை கடைகளில் கிடைக்கும், ஆனால் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்து வருட வண்டிக்கு அடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயின்ட் என்றால் எனக்கு மூக்கு வேர்க்கும். மிச்சிகன், ஒஹையோ மாதிரி குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடும் மாநிலத்திலிருந்து வந்த வண்டியா, கடலோரத்தில் வருடக்கணக்கில் நின்றதா என்று விசாரியுங்கள். மேல்துரு பரவாயில்லை, சுத்தியலால் தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்தால் வேண்டாம். டெக்சாஸில் இன்னொரு கவலையும் உண்டு. 2017 ஹார்வி புயலில் மூழ்கிய வண்டிகள் ஏராளம், உங்களுடையது 2016 மாடல், அதனால் டைட்டில் (உரிமைப் பத்திரம்) வரலாறு கட்டாயம் பாருங்கள். வின் நம்பரை (வண்டியின் அடையாள எண்) கொடுத்து, அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ. தளத்தில் ரீகால், அதாவது குறையைச் சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைத்த அறிவிப்பு, இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம், காசு கிடையாது.

ஐ-பீம் நேராக இருக்கிறதா என்பதற்கு நூல் பிடித்தால் போதும். முன்னாலிருந்து பின்னால் வரை அடிப்பட்டையை ஒட்டி இழுத்துக் கட்டி, இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். நடுவில் மேல்நோக்கி லேசான வளைவு இருந்தால் பயப்பட வேண்டாம், பல ஃப்ரேம்களை அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு மாதிரி, மறுபக்கம் வேறு மாதிரி என்றால்தான் பிரச்சனை. அப்படியே கிங்பின்னிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வைத்து, அங்கிருந்து முன் ஆக்ஸிலின் இரண்டு முனைக்கும் டேப் பிடியுங்கள். ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஆக்ஸில் நகர்ந்திருக்கிறது. டயர் ஒரு ஓரமாக மட்டும் தேய்ந்திருந்தாலும் அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம். "எல்லா டயரும் புதுசு சார்" என்று பெருமையாகச் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் பழைய டயர் எப்படித் தேய்ந்திருந்தது என்ற சாட்சி போய்விட்டது என்பதையும் மனதில் வையுங்கள்.

பின்பக்கம் பைக் மாட்டும் ரேக், தனியாகச் சேர்த்த ஜெனரேட்டர், வாஷிங் மெஷின், இதெல்லாம் இருந்தால் எடைச்சீட்டு கேளுங்கள். வண்டியை ஓவர்லோடு பண்ணிய ஆள் அதைத் தப்பு என்று நினைத்திருக்க மாட்டார், அதனால் தானாகச் சொல்லவும் மாட்டார். பெரிய ட்ரக் ஸ்டாப்புகளில் கேட் (CAT) ஸ்கேல் என்கிற எடைமேடை இருக்கிறது, சில டாலர்தான்.

ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் உடனே ஓட வேண்டும் என்றில்லை. ஹேங்கர் வெல்டில் விரிசல் என்றால் நல்ல வெல்டர் ஒரு நாளில் சரிசெய்து குறுக்குப் பட்டையும் போட்டுத் தருவார், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். நீட்டலின் தூணில் என்றால் சுவரை உரிக்க வேண்டும், உரித்த பிறகுதான் எத்தனை தூண் போயிருக்கிறது என்றே தெரியும், அதனால் எவ்வளவு குறைத்துக் கேட்பது என்று கணக்குப் போடவே முடியாது. அதில் பேரம் பேசாதீர்கள். ஏற்கெனவே யாராவது தகடு வைத்துச் சரிசெய்திருந்தால் பில்லையும், சுவர் திறந்திருந்தபோது எடுத்த போட்டோவையும் கேளுங்கள். சான்றிதழ் பெற்ற ஆர்வி (இப்படிப்பட்ட நடமாடும் வீடுகள்) இன்ஸ்பெக்டரை அழைப்பதும் நல்லதுதான், ஆனால் பலர் கூரை, கேஸ், ஏசி என்று பார்த்துவிட்டு ஃப்ரேமுக்கு ஒரு வரி எழுதுவார்கள். அடித்தகட்டை இறக்கிப் பார்ப்பீர்களா, மாட்டிக் கழற்றிப் பார்ப்பீர்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இப்போது அந்த ட்ரக் விஷயம். அவர் உண்மையிலேயே விற்றிருக்கலாம், தப்பாக நினைக்க வேண்டாம். ட்ரெய்லர்களை ஊர் விட்டு ஊர் கொண்டுசேர்ப்பதையே தொழிலாக வைத்திருக்கும் ஓட்டுநர்கள் உங்கள் பக்கம் நிச்சயம் இருப்பார்கள், வாங்கினால் வீடு வரை இழுத்துவர உங்களுக்கே ஒருவர் தேவைப்படும். அவரையே முதலில் இரண்டு மணி நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். என் இரண்டாவது வண்டிக்கு நான் அப்படித்தான் செய்தேன், 150 டாலர் ஆனது. நான் டேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓட்டுநர் பின் பாக்ஸைப் பார்த்துவிட்டு, இதைப் போல நூறு இழுத்திருக்கிறேன், இது உறுதியாகத்தான் நிற்கிறது என்றார். அப்படியும் டேப்பைப் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். ட்ரக்குக்கு நீங்களே காசு தருகிறேன் என்று சொல்லியும் விற்பவர் சாக்குச் சொன்னால், அந்த வண்டியை விட்டுவிடுங்கள். கதவைச் சாத்திப் பார்க்கும் வேலையை வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள், அவர் சொல்வதை எழுதியும் வையுங்கள்.