கேரலப் பிள்ளைகளின் படங்கள் ஊர் திரும்பிய கதை

பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஓவியம் எப்படித் துணையானது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது கேரலப். மேற்கு ஆஸ்திரேலியாவில் நூங்கார் என்ற பழங்குடி மக்களின் குழந்தைகளை அரசு குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த குடியிருப்பு அது. 1940களில் அங்கே வந்த நோயல் வைட் என்ற ஆசிரியர் அவர்களை வரையத் தூண்டினார். செக்கச் சிவந்த அந்தி வானம், அதன்முன் கறுத்து நிற்கும் மரங்கள், துள்ளும் கங்காருகள் என்று தங்கள் மண்ணையே வரைந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கைவேலை என்று நம்பவே முடியாது, அவ்வளவு அழகு! அப்புறம் அந்தப் படங்கள் கடல் கடந்து போய், அமெரிக்காவின் கோல்கேட் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் கிடந்தன. 2004இல் கண்டெடுக்கப்பட்டு, 2013இல் பெர்த்தின் கர்ட்டின் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பின. தாத்தா சிறுவயதில் தீட்டிய மரத்தைப் பேரப்பிள்ளைகள் இப்போது நூங்கார் மண்ணிலேயே பார்க்கலாம்.