கடிதத்தில் உங்கள் பெயர் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 62. வேலூரில் ஒரு மருத்துவமனையில் 33 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். கணவருக்கு 64, மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் இருந்தவர். எங்கள் சபை மூலமாக, கென்யாவில் கிசுமு பக்கம் ஒரு மிஷன் மருத்துவமனையில் கணக்கு பார்க்க 18 மாதம் வரச்சொல்லி அவருக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஜூனில் கிளம்ப வேண்டும். கடிதத்தில் என்னைப் பற்றி ‘உடன் வரும் மனைவி’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். சென்னையில் இருக்கும் மகளுக்கு டிசம்பரில் இரண்டாவது பிரசவம். அங்கே எனக்கு நாள் எப்படிப் போகும்? வரமாட்டேன் என்றால் ஊழியத்துக்குத் தடையாக நிற்கிறேன் என்று ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், காட்பாடி

பதில்:

அன்புச் சகோதரி,

அந்த ஒரு வரியோடுதான் நானும் போனேன். என் கணவர் மருந்துக் கிடங்கைப் பார்க்கப் போனார்; நான் அவரோடு போனேன். விக்டோரியா ஏரிக்குப் பக்கத்தில், அதே கிசுமு பக்கம்தான், இரண்டு வருடம் இருந்தோம். அதனால் நாள் எப்படிப் போகும் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலை ஆறரைக்கு மேல் விடியும். பூமத்திய ரேகை பக்கத்திலேயே ஓடுகிறது, அதனால் வருஷம் பூராவும் ஏறக்குறைய அதே நேரம்தான். எங்கள் வளாகத்தில் எட்டு மணிக்கு ஜெபம். அது முடிந்ததும் அவர் வேலைக்குப் போய்விடுவார். ஒரு மணிக்குச் சாப்பிட வருவார், ஐந்து மணிக்குத் திரும்பி வருவார். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க என்னுடையது. முதல் மாதம் அந்த நேரத்தில் நான் செய்த உருப்படியான காரியம், மழைநீர்த் தொட்டியில் எத்தனை வளையம் தண்ணீர் இருக்கிறது என்று எண்ணியது.

சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். நம் வடாற்காட்டுக்காரர்களுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு பாதி தெரிந்ததுதான். உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டிய களி. ‘விம்பி’ என்று சந்தையில் விற்பதைக் கையில் அள்ளிப் பாருங்கள், நம் கேழ்வரகேதான்! அது பிறந்ததே ஆப்பிரிக்காவின் அந்தப் பக்கம். அங்கிருந்துதான் நமக்கு வந்தது. அதில் காய்ச்சும் ‘உஜி’, நம் கூழின் அக்கா. ‘ஒமேனா’ என்று வெள்ளி நிறத்தில் பொடி மீன் காயவைத்து விற்பார்கள். நெத்திலிக் கருவாடு என்று நினைத்து மிளகாய் போட்டு வறுத்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. முள்ளுக் கத்தரிக்காய்க்கு மட்டும் மனம் ஏங்கும்.

மணிக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது. ஸ்வாஹிலியில் விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. தையல்காரப் பெண் ஒருத்தி ‘சா தாத்து’, அதாவது மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னாள். அவள் காலை ஒன்பதுக்கு வந்து, நான் வீட்டில் இல்லாததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். நான் மதியம் மூன்றுக்குத் தேநீர் போட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். நம் பாட்டிமார் நாழிகை எண்ணியதும் உதயத்திலிருந்துதானே என்று அப்புறம்தான் உறைத்தது.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்த நீங்களும் ஆபீஸ் போன அவரும் மூன்று வேளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீர்கள். அங்கே பேச்சுத் துணைக்கு அந்த ஒரு முகம்தான். எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது கொசுவலையால். அறுபது தாண்டிய ஆண் ராத்திரி மூன்று தடவை எழுந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் வலையைத் தூக்குவார், திரும்பச் செருக மாட்டார். ஏரிக்கரைக் கொசு சும்மா விடுமா? மலேரியா அந்தப் பக்கம் நிஜமான பயம். கடைசியில் இரண்டு ஒற்றைக் கட்டில், இரண்டு வலை என்று ஏற்பாடு செய்த பிறகுதான் வீட்டில் சமாதானம். வெட்கப்படாமல் முதல் வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போகலாம். ஆனால் ‘உடன் வரும் மனைவி’யாகப் போகாதீர்கள். உங்கள் வேலை என்ன என்று உங்கள் பெயர் போட்டு எழுதிய கடிதம் தனியாக வரட்டும். வராவிட்டால், வரமாட்டேன் என்று சொல்வதில் எந்தப் பாவமும் இல்லை. அழைப்பு ஒருவருக்குத்தான் வந்திருக்கிறது என்றால் அதை மறுக்க நீங்கள் யார், ஏற்க நீங்கள் யார்? தடை என்ற பேச்சே எழவில்லை.

இது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. மதப் பணி, தர்மப் பணிக்கு வருபவர்களுக்குக் கென்யாவில் தனி வகைப் பெர்மிட் உண்டு. மனைவி என்ற முறையில் போனால் உங்களுக்குக் கிடைப்பது டிபென்டன்ட் பாஸ். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ‘இப்போதைக்கு டூரிஸ்ட்டாக வாருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அடுத்து, 33 வருட அனுபவம் இருந்தாலும் அந்த நாட்டு நர்ஸிங் கவுன்சிலில் பதியாமல் நோயாளிக்கு ஓர் ஊசி போடக்கூடாது. ஆகவே பதிவுக்கு முயல்வதா, நோயாளியைத் தொடாத வேலையா என்று இப்போதே பேசுங்கள். துணிக்கிடங்கு, காலாவதி மருந்துக் கணக்கு, வார்டு உதவியாளர்களுக்குச் சுத்தம் பற்றிய பயிற்சி என்று எத்தனையோ இருக்கின்றன. நான் கடைசியில் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். ஆபரேஷன் தியேட்டரின் கிழிந்த துணிகளை ஒட்டுப்போட்டேன். அதற்கு அப்புறம்தான் அங்கே எனக்கென்று ஒரு பெயர் வந்தது.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. தொழுநோயாளிகளின் கைக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். மனைவி மார்கரெட் குழந்தைகளோடு பின்னால் வந்து சேர்ந்தார். அவரும் டாக்டர்தான், ஆனால் கண் மருத்துவம் படித்தவர் அல்லர். கண் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனார், வேலை பார்த்துக்கொண்டே கற்றார். தொழுநோய் கண்ணை எப்படிக் கெடுக்கிறது என்பதில் பின்னால் அவரே நிபுணர். ஆரணி ரோட்டில் ஷெல் கண் மருத்துவமனையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது பாலை அல்ல, மார்கரெட்டைத்தான்.

மகள் விஷயத்தில் தயங்கவே வேண்டாம். டிசம்பரில் ஆறு வாரம் விடுப்பு, டிக்கெட் யார் செலவு என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கிளம்பும் முன் உங்கள் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுத்துவிட்டுப் போங்கள். பி.எஃப். பென்ஷன் என்றால் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். 18 மாதம் தாங்காது, அதனால் டிசம்பரில் வரும்போது மறுபடியும் கொடுத்துவிடலாம்.

அங்கே போனதும் உங்கள் பாஸ்போர்ட்டைக் காட்டி உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். வாழைப்பழம் விற்பவர்கூட எம்-பெசாவில்தான், அதாவது 2007இல் வந்த போன் வழிப் பணச் சேவையில்தான், காசு வாங்குகிறார். எங்கள் வீட்டில் மின்சாரத்துக்கே டோக்கன். போனில் வரும் 20 இலக்க எண்ணை மீட்டரில் அடித்தால்தான் விளக்கு எரியும். எல்லாம் அவர் போனில் இருந்தால், அவர் மீட்டிங்கில் இருக்கும் நேரம் நீங்கள் இருட்டில் இருப்பீர்கள். நான் இருந்தேன்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி பற்றி ஒரு வார்த்தை. கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் சான்று கேட்பார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆகியிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறை போடுபவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்து கூடுதல். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். ‘ஒரு ஊசிதானே’ என்று கிளம்பும் கணவரைப் பிடித்து நிறுத்தி, இருவரும் முதலில் டாக்டரைப் பாருங்கள். மலேரியா மாத்திரையையும் அப்போதே கேளுங்கள், பிரஷர் மாத்திரைச் சீட்டோடு.

சபைக்கு இந்த வாரமே எழுதுங்கள். ஐயரிடம் (சபைப் போதகரிடம்) வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி போடுங்கள்.

பெட்டி கட்டும்போது மூன்று சதுரக் கால் வைத்த பிளக்குக்கு அடாப்டர் எடுங்கள், நம் மிக்ஸி ஓடும். குக்கருக்கு இரண்டு கேஸ்கெட் தனியாக வையுங்கள். என்னுடையது மூன்றாம் மாதம் விரிந்துவிட்டது, அந்த அளவு கிசுமுவில் நான் தேடிய கடைகளில் இல்லை. ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவரும்வரை ஏழு வாரம் பருப்பைச் சட்டியில் வேகவைத்தேன்.