சுவருக்கும் சொந்தக்காரர் உண்டு

கேள்வி: மூன்று நாட்களுக்கு முன், இரவில், என் அக்காள் கணவரின் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். உடன் நண்பன் ஒருவன் மட்டும் இருந்தான். நல்ல மழை. திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடியதால் வண்டியை ஒடித்துத் திருப்பினேன். கார் சாலையை விட்டு இறங்கி, ஓர் இரும்புத் தடுப்பை வளைத்து, ஒரு வீட்டு மதிலில் மோதி நின்றது. காரின் முன் பம்பரும் ஒரு விளக்கும் உடைந்தன. மதிலில் விரிசல் விழுந்து சில கற்கள் பெயர்ந்தன. எங்கள் இருவருக்கும் காயமில்லை. நான் குடித்திருக்கவில்லை. இறங்கிப் பார்த்தேன், வீட்டில் விளக்கு எரியவில்லை, சாலையிலும் ஆளில்லை. வந்துவிட்டேன். வேறு வண்டியே சம்பந்தப்படாதபோது போலீஸில் சொல்லத்தான் வேண்டுமா? நண்பன் வேண்டாம் என்கிறான். அத்தானோ, "இன்ஷூரன்ஸ் என் பெயரில்தானே இருக்கிறது, நான் ஓட்டியதாகவே எழுதிக் கொடுத்துவிடலாம்" என்கிறார். மறுபடியும் சொல்கிறேன், நான் குடித்திருக்கவில்லை. இதில் யார் பொறுப்பு?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: "வேறு வண்டியே சம்பந்தப்படாதபோது" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் குழப்பம் முழுவதும் அந்த அரை வரியில்தான் இருக்கிறது. மோதியது ஒரே வண்டி என்பதால் நட்டமும் ஒருவருக்குத்தான் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. மதிலைக் காசு போட்டுக் கட்டியவர் ஒருவர் இருக்கிறார். இரும்புத் தடுப்பு சாலையைப் பராமரிக்கும் துறைக்குச் சொந்தம். கார் அத்தானுடையது. பக்கத்து இருக்கையில் நண்பர். உங்களையும் சேர்த்தால், ஆளில்லை என்று நீங்கள் சொல்லும் அந்தச் சாலையில் ஐந்து தரப்பினர் இருந்திருக்கிறார்கள். ஒரு மண்மேட்டில் ஏறி உங்கள் சொந்தக் காரின் பம்பரை மட்டும் உடைத்துக்கொண்டிருந்தால் என் பதில் வேறு. அப்போது பெரும்பாலான நாடுகளில் காவல் துறைக்கு வேலையில்லை. இன்ஷூரன்ஸ் நிறுவனத்தோடு மட்டும் பேசினால் போதும்.

எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களும் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே சில நாட்டுச் சட்டங்களைச் சேர்த்தே சொல்கிறேன். ஒன்றையொன்று பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும் அளவுக்கு அவை ஒத்துப்போகின்றன.

இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலோ, மூன்றாம் நபரின் சொத்து சேதமடைந்தாலோ, சம்பவ இடத்தில் காவலர் எவரும் இல்லையென்றால், ஓட்டுநர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், நடந்ததைச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பிரிட்டனில் அதே 1988-இல் வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 170-ஆம் பிரிவும் அதே 24 மணி நேரத்தைத்தான் சொல்கிறது: சாலையோர நிலத்தில் கட்டப்பட்ட, பதிக்கப்பட்ட, ஏன், வளர்கிற எதுவும் சேதமடைந்தால் நின்று, கேட்பவரிடம் பெயர் முகவரி தர வேண்டும், தர முடியாமல் போனால் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சட்டம் செடி, மரம், கம்பம், விளக்கு, பலகை, வேலி என்று பட்டியலே போடுகிறது. சாலையோரப் புல்தரைகூட அதில் இருக்கிறது. அங்கே 24 மணி நேரமெல்லாம் கிடையாது. உடனே தெரிவிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் எதிலும் "யாராவது பார்த்திருந்தால்" என்ற நிபந்தனை இல்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் காப்பாற்றிய நாயைப் பற்றியும் ஒரு சொல். பிரிட்டனில் அதை இடித்திருந்தால் அதையும் தெரிவித்தாக வேண்டும். குதிரை, மாடு, கழுதை, கோவேறு கழுதை, செம்மறி ஆடு, பன்றி, வெள்ளாடு, நாய் ஆகியவை அந்தச் சட்டத்தில் விலங்குகள். பூனை இல்லை. பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் இன்றும் மனத்தாங்கல் உண்டு.

நாய் குறுக்கே வந்ததால் தப்பு உங்களுடையது இல்லையா? இது நேர்மையான கேள்விதான், ஆனால் இதற்கு விடை காணும் இடம் வேறு. தெரிவிப்பது ஒரு கடமை. தப்பு யாருடையது என்பது இன்னொரு வழக்கு. தப்பே செய்யாத ஓட்டுநருக்கும் முதல் கடமை உண்டு. இரண்டாவதைப் பொறுத்தவரை, தனி வண்டி மோதினால் நீதிமன்றமும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் முதலில் ஓட்டுநரைத்தான் பார்க்கும். மழையில் வேகத்தைக் குறைத்தீர்களா, டயரில் பிடிப்பு இருந்ததா, கட்டுப்படுத்தக்கூடிய வேகத்தில் இருந்திருந்தால் நாய்க்காகச் சாலையை விட்டே இறங்க நேர்ந்திருக்குமா என்றெல்லாம் கேட்பார்கள்.

1971-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, மிக மெதுவாகத் திரும்பும்போது ஸ்டீயரிங்கை நேராக்கத் தவறி, ஒரு விளக்குக் கம்பத்தில் மோதினார். வேறு வண்டியே இல்லை. கற்றுக்கொடுத்த நண்பருக்கு முழங்கால் சில்லு உடைந்தது. கற்றுக்குட்டியிடம் தேர்ந்த ஓட்டுநரின் கவனத்தை எதிர்பார்க்கலாமா என்பதுதான் கேள்வி. எதிர்பார்க்கலாம் என்றார் நீதிபதி டென்னிங் பிரபு. சாலையில் இறங்கிவிட்டால் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றுதான். எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு லாரி நேராக ஒரு கடைக்குள் புகுந்துவிட்டது. ஓட்டுநருக்கு ரத்தத்தில் சர்க்கரை அளவு மெல்ல இறங்கி நிதானம் போயிருக்கிறது. அப்படியொரு நோய் தமக்கு இருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் கவனக்குறைவானவர் என்று சொல்ல முடியாது என்று 1997-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, விதிவிலக்கு உண்டு. ஆனால் வாசல் மிகவும் குறுகியது. மழையும் நாயும் அதற்குள் நுழைவது கடினம். சாலையில் குழியோ, கொட்டிக் கிடந்த எண்ணெயோ காரணம் என்றால் அதைப் படத்தோடு சொல்லுங்கள், பொறுப்பில் ஒரு பங்கு வேறு பக்கம் போகலாம். அதற்கும்கூட நீங்கள் முதலில் விபத்தைத் தெரிவித்திருக்க வேண்டும்.

இப்போது அத்தான். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. குடும்பத்தில் ஒருவர் சுமையை இன்னொருவர் ஏற்றுக்கொள்வது நமக்குப் பழக்கமான அன்பு. ஆனால் இந்த இடத்தில் அந்த அன்பு இருவரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். இதுவரை உங்களிடம் இருப்பது ஒரு விரிசல் விழுந்த மதில், ஒரு வளைந்த தடுப்பு, ஒரு தாமதம். அவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட நிமிடத்தில் அது மோசடியாகிவிடும். அதில் அவரும் குற்றவாளி. வண்டியை யார் ஓட்டினார் என்று காவல் துறை கேட்டால் உண்மையைச் சொல்வது உரிமையாளரின் சட்டக் கடமை. இந்தியாவில் 133-ஆம் பிரிவு, பிரிட்டனில் 172-ஆம் பிரிவு.

பிரிட்டனில் மந்திரியாக இருந்த கிறிஸ் ஹூனின் கதை தெரிந்திருக்கும். 2003-இல் அவர் கார் வேக வரம்பை மீறியது. மனைவி விக்கி பிரைஸ் தாம் ஓட்டியதாக எழுதிக் கொடுத்து உரிமத்தில் தண்டனைப் புள்ளிகளை ஏற்றுக்கொண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, மணவாழ்க்கையும் முறிந்த பின், 2013-இல் நீதியின் போக்கைத் திரித்த குற்றத்துக்காக இருவருக்கும் தலா எட்டு மாதம் சிறை. வேகமாகப் போனதற்கு மட்டும் என்றால் சிறைக்கு வேலையே இருந்திருக்காது. உங்கள் குடும்பம் அப்படி முறியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பொய்யை மூன்று பேர் எந்நாளும் ஒரே மாதிரி சொல்ல வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் இப்போதே ஏதும் சொல்ல வேண்டாம் என்று நழுவிக்கொண்டிருக்கும் உங்கள் நண்பர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இல்லாமல் இருக்கலாம். உரிமையாளரின் சம்மதத்தோடு, செல்லத்தக்க உரிமம் உள்ளவர் ஓட்டினால் பல பாலிசிகள் ஏற்றுக்கொள்கின்றன. வேறு சில, பெயர் குறிப்பிட்ட ஓட்டுநர்களை மட்டும் ஏற்கும். அத்தானிடம் பாலிசியை வாங்கி, ஓட்டுநர் யார் யாராக இருக்கலாம் என்ற பகுதியை முதலில் படியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தாள் வண்டி வாங்கிய நாளுக்குப் பிறகு விரிக்கப்படுவதே இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் மதிலுக்கும் தடுப்புக்கும் அது உதவலாம், பம்பருக்கு உதவாது. அந்தச் செலவை அத்தானுக்கு நீங்கள்தான் தர வேண்டும். முழுக் காப்பீடு என்றாலும் ஒரு தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும், கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்காகத் தரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் குறையலாம். கணக்குப் பார்த்துவிட்டுச் செலவைக் கையிலிருந்து கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தால், அது உங்கள் உரிமை. ஆனால் கிளெய்ம் கேட்காமல் இருப்பது வேறு, தகவலே சொல்லாமல் இருப்பது வேறு. சிங்கப்பூரில் எவ்வளவு சிறிய விபத்தானாலும் 24 மணி நேரத்துக்குள், அல்லது அடுத்த வேலை நாளுக்குள், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது முறை. மற்ற இடங்களிலும் தகவல் தருவது வழக்கமாகப் பாலிசியின் நிபந்தனைகளில் ஒன்று. நாளை மதில்காரர் வழக்குப் போட்டால், அப்போது போய் நிற்கும்போது நிறுவனம் கையை விரித்துவிடும்.

குடித்திருக்கவில்லை என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் அன்றிரவே சொல்லியிருந்தால் ஒரு குழாயில் ஊதி ஒரே நிமிடத்தில் நிரூபித்திருக்கலாம். இப்போது நிரூபிக்க வழியில்லை. சந்தேகப்படுபவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள், அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். கேள்வி வந்தால் ஒரே முறை பதில் சொல்லுங்கள், இரண்டு முறை வேண்டாம்.

24 மணி நேரம் கடந்துவிட்டதே என்றால், ஆம், கடந்துவிட்டது. இந்தியாவிலும் பிரிட்டனிலும் தெரிவிக்காமல் விட்டதற்கு ஆறு மாதம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. இரண்டு இடங்களிலும் அபராதத்தோடு முடியவும் சட்டம் இடம் தருகிறது. ஜெர்மனி இதில் கடுமையான நாடு: விபத்து இடத்தை விட்டுப் போனால் குற்றவியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறை. அங்கே கண்ணாடியில் ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிட்டுப் போனாலும் போதாது. நியாயமான நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு தாமதமின்றி உரியவருக்கோ காவல் துறைக்கோ சொல்ல வேண்டும். எந்த நாடானாலும், தாமதமாகத் தானே வந்து சொன்னவரும், கண்டுபிடிக்கப்பட்டு இழுத்து வரப்பட்டவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவதில்லை. எதிர்வீட்டுக் கேமராவில் வண்டி எண் பதிவாகியிருக்கலாம். உடைந்த பம்பரின் ஒரு துண்டு மதிலடியில் கிடக்கலாம். "மோதியதே தெரியவில்லை" என்று சொல்லவும் உங்களுக்கு வழியில்லை; இறங்கிப் பார்த்தவர் நீங்கள்.

இன்று செய்ய வேண்டியவற்றுக்கு வருவோம். முதலில் அந்த இரும்புத் தடுப்பு, இதில் தள்ளிப்போடவே கூடாதது அதுதான். வண்டி கவிழாமல் தாங்குவதற்காக நிறுத்தப்பட்டது அது. ஒரு முறை வளைந்துவிட்டால் அடுத்த மோதலை அதே போலத் தாங்காது. சாலைத் துறைக்கோ காவல் கட்டுப்பாட்டு அறைக்கோ அந்த இடத்தைச் சொல்லுங்கள். மோதியது மின்கம்பமாக இருந்திருந்தால் அன்றிரவே சொல்லாததற்கு உங்களை நான் இன்னும் கடுமையாகத் திட்டியிருப்பேன்.

பிறகு பகல் வெளிச்சத்தில் அந்த வீட்டுக்குப் போங்கள். அத்தான் கூட வரட்டும், பேச்சை நீங்கள் பேசுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், பெயர், தொலைபேசி எண், வண்டி எண், பாலிசி விவரம் எல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள், மதிலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வருத்தம் தெரிவிப்பதில் தடையில்லை. ஆனால் "முழுத் தப்பும் என்னுடையது, எவ்வளவானாலும் தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; நிறுவனத்தைக் கேட்காமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று பல பாலிசிகள் சொல்கின்றன. அவர் கோபப்படலாம். மூன்று நாட்களாக யார் இடித்தார் என்று தெரியாமல் இருந்தவர், கொஞ்சம் பேசட்டும். அங்கிருந்து நேரே காவல் நிலையம். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அன்றே இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சல். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்கும் வரை காரைப் பட்டறையில் பிரிக்க வேண்டாம்.

நண்பருக்குக் கழுத்திலோ முதுகிலோ வலி இருக்கிறதா என்று கேளுங்கள். இத்தகைய வலி இரண்டொரு நாள் கழித்துத் தலைகாட்டுவது உண்டு. பயணியும் ஓட்டுநரிடம் இழப்பீடு கேட்கலாம். அவருக்குக் காயம் என்றால் இது மதில் விவகாரமாக மட்டும் நிற்காது. அப்படி இருந்தாலோ, உங்கள் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி இருந்தாலோ, கடிதத்தில் எழுதாத வேறு ஏதாவது இருந்தாலோ, மேலே சொன்ன வரிசையை மாற்றுங்கள். தடுப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு, முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். மதில்காரர் வீட்டுக்கு எப்போது போவது, காவல் நிலையத்துக்கு யாரோடு போவது என்பதை அவர் சொல்வார். இன்றே பாருங்கள், திங்கட்கிழமை வரை தள்ளாதீர்கள்.