பழைய ஹாட் ஹேட்ச் காரை அமெச்சூர் பந்தயத்துக்குத் தயார் செய்ய எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

முப்பது வருஷப் பழைய ஹாட் ஹேட்ச் (வேகமாக ஓடும்படி செய்த சிறிய ஹேட்ச்பேக் கார்) ஒன்று கையில் இருக்கிறது, இருக்கிற பணத்தை முதலில் எஞ்சினில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், எஞ்சின் கடைசி. முன் டயர்கள் இரண்டுக்கும் எது சுமையைக் குறைக்கிறதோ அதற்குத்தான் முதல் பணம்.

இந்த வகைக் கார்களில் ஏறக்குறைய எல்லாமே முன்சக்கர இழுவை. திரும்புவதும் இழுப்பதும் முன் டயர்தான், பிரேக் போடும்போது பெரும்பங்கைத் தாங்குவதும் அதுதான். ஏற்கெனவே திணறுகிற டயரில் பவரையும் கூட்டினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கார் நேராகத்தான் போகும். 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐக்கு 110 குதிரைத்திறன், 1984-ல் வந்த பெஜோ 205 ஜிடிஐக்கு 105. இன்றைக்குச் சாதாரணக் கார்களிலேயே அதற்கு மேல் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டுமே 900 கிலோவைத் தொடாத கார்கள். அந்த எடைதான் உங்கள் சொத்து, அதைக் கெடுக்காதீர்கள்.

பார்ட்ஸ் வாங்கும் முன் கார் நல்ல உடம்போடு இருக்கிறதா என்று பாருங்கள். டைமிங் பெல்ட், ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ்கள் வயதானவை என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். என்னிடம் இருப்பது 205. அதில் பின்சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம்கள் ஊசி பேரிங்கில் (மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) சுழல்கின்றன, தண்ணீர் உள்ளே போனால் அவை துருப்பிடித்துத் தேய்ந்துவிடும். காருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று குனிந்து பாருங்கள். சக்கரங்களின் மேல்விளிம்பு உள்பக்கம் சாய்ந்து, தலைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது போல் நின்றால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் எவ்வளவு நல்ல ஷாக் அப்சார்பர் போட்டாலும் பணம் வீண்.

அடுத்தது பிரேக். பெரிய டிஸ்க் உடனே தேவையில்லை. புது டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயிலுக்கு விதி கேட்பது 155 டிகிரிதான். பந்தயத்தில் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும், ஆயிலில் ஆவிக்குமிழ் உண்டாகி பெடல் தரையைத் தொடும். அதனால் புது ஆயில், டிராக்குக்கான பிரேக் பேட், நல்ல பிரேக் ஹோஸ். முதல் சீசனுக்கு இது போதும்.

இனி சஸ்பென்ஷன். பெரும்பாலானவர்கள் இங்கேதான் காரைக் கெடுக்கிறார்கள், அதிலும் காரை அளவுக்கு மீறித் தாழ்த்துவதால். முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கும் அமைப்பு) இருக்கும் காரில், சக்கரத்தைக் காரோடு இணைக்கும் கீழ் ஆர்ம் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ரொம்பத் தாழ்த்தினால் சக்கரத்தின் பக்கம் ஆர்ம் மேலே ஏறிவிடும். அப்போது ரோல் சென்டர், அதாவது வளைவில் கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, காரின் ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கும். பார்வைக்குக் கார் தாழ்ந்திருக்கும், ஆனால் அதே ஸ்பிரிங்கில் வளைவில் முன்பைவிட அதிகம் சாயும். அந்தச் சாய்வை அடக்கக் கல் மாதிரி ஸ்பிரிங் போடுவார்கள், அப்புறம் மேடு பள்ளத்தில் டயர் தரையை விட்டுவிடும்.

நான் செய்வது வேறு: முன்பக்கத்தை ஓரளவு மென்மையாக விட்டு, பின்பக்கத்தைக் கெட்டியாக்குவது. பின் ஆன்டி ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்துக் காரின் சாய்வைக் குறைக்கும் கம்பி) தடிமனானால், வளைவில் எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும்போது அதில் பெரும்பங்கைப் பின்பக்கம் எடுத்துக்கொள்ளும், முன் டயர் இரண்டும் தரையைச் சமமாகப் பிடிக்கும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் அந்தரத்தில் தூக்கினால் பதறாதீர்கள், இந்தக் கார்களுக்கு அது சகஜம். ஆனால் வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும், 205-க்கு அந்தக் குணம் பிறவியிலேயே உண்டு. பாரைக் கெட்டியாக்க ஆக்க அது கூடும் என்பதால் படிப்படியாகத்தான் போக வேண்டும், அதுவும் காலியான இடத்தில் பழகிவிட்டு.

கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம், எவ்வளவு வேண்டும் என்பதை டயரே சொல்லும். ஓட்டி நிறுத்திய உடனே டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் சூட்டை அளந்து பாருங்கள். வெளிவிளிம்பு மிகச் சூடாக இருந்தால் இன்னும் நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வது) வேண்டும். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்றைக் குறையுங்கள்.

லிமிடெட் ஸ்லிப் டிஃப்பரன்ஷியலுக்கு (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கும் சக்தி போகச் செய்யும் கியர் அமைப்பு) செலவழிக்கலாம், எஞ்சினுக்கு முன்பே. பிளேட் வகை நன்றாக இழுக்கும், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடுங்கும், அடிக்கடி பிரித்து வேலை பார்க்க வேண்டும். ஹெலிக்கல் வகை சாந்தமானது, பராமரிப்பும் குறைவு. ஆனால் இழுக்கும் சக்கரமே தரையை விட்டுத் தூக்கிவிட்டால் கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது.

பாதுகாப்புச் சாமான்களை நீங்கள் ஓட்டப்போகும் பிரிவின் விதிப்புத்தகத்தைப் படித்த பிறகே வாங்குங்கள். பழைய பக்கெட் சீட் மலிவாகக் கிடைக்கிறதென்றால் லேபிளைப் பாருங்கள். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) தரவிதி 8855-1999 படி செய்த சீட்டுக்குத் தயாரித்த வருஷத்திலிருந்து 5 ஆண்டுதான் ஆயுள். ரோல் கேஜ் (கார் கவிழ்ந்தால் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இல்லாத காரில் ஆறு முனை பெல்ட் போடாதீர்கள். கூரை நசுங்கினால் அந்த பெல்ட் உங்களைக் குனிய விடாமல் நிமிர்த்தியே வைத்திருக்கும்.

இதெல்லாம் முடிந்த பிறகு எஞ்சினுக்கு வாருங்கள். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர்களின் அழுத்தத்தை அளப்பது), நாலு சிலிண்டரும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் ஆயில். ஒட்டிப் பிடிக்கும் டயரில் நீண்ட வளைவு எடுக்கும்போது சம்பில் (எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) இருக்கும் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். பேரிங் நாசமாக அது போதும். தடுப்புத் தகடு வைத்த சம்பும் ஆயில் பிரஷர் கேஜும் எந்த கேம்ஷாஃப்டையும்விட (வால்வுகளைத் திறக்கும் தண்டு) முக்கியம். டர்போ இல்லாத எஞ்சினில் வெறும் ரீமேப்புக்கு (எஞ்சின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றுவது) பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. கேம்ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் மாற்றினால் மட்டும் எக்ஸாஸ்டில் ஒரு வைட்பேண்ட் சென்சார் (காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் கருவி) மாட்டி, முழு ஆக்ஸிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை நிற்கிறதா என்று பார்த்து டியூன் செய்யச் சொல்லுங்கள். நாக்கிங் சத்தம் (பெட்ரோல் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல்) கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்தி இக்னிஷனைப் பின்தள்ள வேண்டும், அதாவது பொறி சற்றுத் தாமதமாக வரும்படி செய்ய வேண்டும், ஒரு லேப் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விடக்கூடாது.