படகு மட்டமாக மிதந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் விசைப்படகு முன்னும் பின்னும் ஒரே ஆழத்துக்கு அமிழ்ந்து, பக்கவாட்டில் சாயாமல் நிற்கிறது. ‘ஈவன் கீல்’ நிலையில் இருப்பதால் மேல்தளத்தில் இன்னும் பாரம் ஏற்றலாம் என்கிறார் கூட்டாளி. ஏற்றலாமா?

பதில்: ஏற்ற வேண்டாம். படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா, முன்னும் பின்னும் சம ஆழத்தில் இருப்பதையே கப்பல்காரர்கள் ஈவன் கீல் என்கிறார்கள். குடும்பமோ தொழிலோ தடுமாறாமல் நடப்பதையும் ஆங்கிலத்தில் இப்படியே சொல்வதால், மட்டமாக நிற்பதே உறுதி என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை அந்த நிலை காட்டாது. படகு கவிழுமா நிமிருமா என்பதில் அந்த உயரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

சுவீடனின் ‘வாசா’ போர்க்கப்பலும் துறையில் நிமிர்ந்தே நின்றது. பயணத்துக்கு முன் சுமார் 30 பேரைத் தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டபோது கப்பல் அபாயகரமாக ஆடியதால் சோதனையை நிறுத்தினார்கள். ஆயினும் பயணத்தைக் கைவிடவில்லை. 1628 ஆகஸ்ட் 10 அன்று, சுமார் 1,300 மீட்டர் சென்றதும் காற்றில் சாய்ந்து, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்கள் வழியே நீர் புகுந்து, ஸ்டாக்ஹோம் துறைமுகத்துக்குள்ளேயே அது மூழ்கியது. அடியில் கற்களை அடிப்பாரமாக இட்டிருந்தும், மேல்கட்டுமானத்தின் எடைக்கு அது ஈடாகவில்லை.

உங்கள் படகு ஆடும் விதத்தைக் கவனியுங்கள். வெடுக்கென்று நிமிர்ந்தால் நல்லது. சாய்ந்த பக்கத்திலேயே தயங்கி நின்று மெல்ல நிமிரத் தொடங்கினால், நிலைப்பு, அதாவது சாய்ந்தபின் தானாக நிமிரும் திறன், குறைந்துவருகிறது என்று பொருள். இந்த மெதுவான ஆட்டம் உடம்புக்குச் சுகமாக இருப்பதால் அதை நல்ல அறிகுறியாக நினைத்துவிடுவது எனக்குப் பெரிதும் கவலை தருகிறது.

மீன் நிறைந்த வலைப்பையைக் (மடியை) கப்பியில் தூக்கும்போது, அது நீரை விட்டு எழுந்த கணத்திலிருந்தே அதன் முழு எடையும் கப்பி மாட்டிய உச்சியில் ஏறிவிட்டதாகக் கொள்ள வேண்டும். பாதி நிரம்பிய டீசல் தொட்டியும், தடுப்புப் பலகையின்றிக் கொட்டிய மீனும் சாயும் பக்கமே ஓடிச் சாய்வைக் கூட்டும். பிடித்ததை உடனுக்குடன் கீழறைக்கு இறக்கிப் பலகை மாட்டுங்கள். தளத்து நீர் வடியும் துளைகளை வலை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் பாரத்தின் அளவைக் கப்பல் பொறியாளர் சாய்வுச் சோதனை (தெரிந்த எடையைப் பக்கவாட்டில் நகர்த்திப் படகு எவ்வளவு சாய்கிறது என்று அளப்பது) செய்து கணக்கிட்டுச் சொல்லட்டும்.

வெளிப்படையான காரணமின்றிப் படகு ஒருபுறம் சாய்ந்தே நின்றால், எடையை மறுபுறம் மாற்றாதீர்கள். மேல்பாரத்தால் வந்த சாய்வாக இருந்தால், படகு திடீரென மறுபுறம் புரண்டு கவிழ்ந்துவிடக்கூடும். மேலே இருப்பதை முதலில் கீழே இறக்குங்கள்.